மூச்சா, மாயையா?

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் 'பிரசங்கி' என்றொரு சிறு நூல் உண்டு. பன்னிரண்டே அதிகாரங்கள். எபிரேய மொழியில் இதன் பெயர் 'கோஹெலெத்'. சாலொமோன் மன்னன் இயற்றியது என்பது மரபு. ஆயினும், இதில் பாரசீகச் சொற்கள் கலந்திருப்பதாலும், நடை பிற்காலத்ததாய் இருப்பதாலும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

அறிஞனும் மூடனும் ஒன்றுபோலவே மாள்கின்றனர். ஒருவன் உழைத்துச் சேர்த்ததை மற்றொருவன் அடைகிறான். இவற்றையெல்லாம் கண்ட ஆசிரியர் 'ஹெவெல்' என்னும் ஒரே சொல்லை 38 முறை ஆள்கிறார். தமிழ் விவிலியத்தில் நாம் காணும் சொல் 'மாயை'. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'வெறுமை' என்று பொருள்படும் சொல்லை இட்டார். ஆனால், எபிரேயச் சொல்லின் அடிப்படைப் பொருள் மூச்சு, ஆவி என்பதே. ஆதாமின் மகனாய்ப் பிறந்து, அண்ணன் கையால் மாண்ட ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான்.

இந்த வேற்றுமை சிறிதன்று. மாயை என்றால், இல்லாதது இருப்பதுபோல் தோன்றுவது என்று நாம் கொள்கிறோம். மூச்சு அத்தகையதா? இவ்வூரில் டிசம்பர்க் காலையில் வகுப்புக்கு விரையும்போது நம் வாயினின்று வெண்மையாய் எழுவதைப் பாருங்கள். அது பொய்த் தோற்றமன்று. குளிரில் நுண்துளிகளாய் மாறிய நீராவி. அதற்கு நிறை உண்டு, வெப்பம் உண்டு. நிலைப்பதில்லை, பிடிக்க நீட்டிய கையில் அகப்படுவதுமில்லை. அவ்வளவே.

வாழ்வு பொய்யென்றால் துறந்துவிடலாம். மெய்யாயிருந்து விரைவில் மறைவதென்றால் என் செய்வது? ஆசிரியர் துறவைக் கூறவில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், உழைப்பில் மகிழுங்கள், அன்புடைய மனைவியோடு வாழுங்கள், எடுத்த வேலையை முழு வலிமையோடு செய்யுங்கள் என்றே மீண்டும் மீண்டும் அறிவுறுத்துகிறார். யூதருள் பலர் இந்நூலை ஆண்டுதோறும் கூடாரப் பண்டிகையில் ஓதுகின்றனர். அஃது அறுவடை மகிழ்ச்சிக்குரிய விழா. அவ்வேழு நாளும் தழை வேய்ந்த தற்காலிகக் குடிலில் உண்பது வழக்கம். நிலையாமையும் மகிழ்ச்சியும் அங்கே ஒரே கூரையின் கீழ் அமர்கின்றன.

தேர்வு முடியட்டும், பட்டம் வரட்டும், வேலை கிடைக்கட்டும், பிறகு வாழலாம் என்று நாம் நாளைத் தள்ளுகிறோம். வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதமும் அவ்வாறே தள்ளிப் போகிறது. அந்தப் பழைய எபிரேயர் நம்மைக் கண்டால், 'எல்லாம் வீண்' என்று சொல்லமாட்டார். கடிதத்தை இன்றே எழுதச் சொல்வார்.