மாறாத ரேகையும் மாறக்கூடாத படமும்

களவுபோன கடவுச்சொல்லுக்கு மாற்றாகப் புதியதொன்றை வைத்துக்கொள்ளலாம். களவுபோன விரல்ரேகைக்கு மாற்று இல்லை. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ 56 லட்சம் பேரின் விரல்ரேகைப் பதிவுகள் திருடப்பட்டிருந்தது 2015இல் தெரியவந்தபோது, அவர்களுள் ஒருவருக்கும் புது ரேகை வழங்க எவராலும் இயலவில்லை.

இத்தகைய தரவு வலையின் வழியே செல்லும்போது, சாவி இல்லாதவருக்கு விளங்காத எண்குவியலாக அதை மாற்றுவதே மறையாக்கம் எனப்படும். அமெரிக்கா 2001இல் தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறை, தரவை 128 பிட் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து உருமாற்றுகிறது. ஒரே துண்டு ஒரே சாவியால் ஒரே விடையையே தருமாதலால், பரந்த பின்னணி ஒரே நிறமாக உள்ள படத்தின் துண்டுகளைத் தனித்தனியே மறைத்தால், உருவத்தின் வெளிக்கோடு மறையாக்கத்துக்குப் பின்னும் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டோடு பிணைத்தோ, மாறிக்கொண்டே செல்லும் எண்ணோடு சேர்த்தோ மறைக்கிறார்கள். ஆதார் சரிபார்ப்பில், ரேகைப் பதிவு ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் சாவியால் பூட்டப்பட்டு, அந்தச் சாவி, எவரும் பூட்டப் பயன்படுத்தக்கூடிய, ஆனால் ஆணையம் மட்டுமே திறக்கக்கூடிய ஆதார் ஆணையத்தின் பொதுச்சாவியால் மேலும் பூட்டப்படுகிறது.

மருத்துவப் படத்துக்கோ இரகசியம் மட்டும் போதாது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போன்றவற்றுக்கான பொதுத்தரமான டைகாம் கோப்பில், படத்தோடு நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தே செல்கின்றன என்பதால் அவற்றைக் காக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அதனினும் கொடியது, படமே மாற்றப்படுவதாகும். நுரையீரல் ஸ்கேனில் இல்லாத புற்றுக்கட்டியைச் சேர்க்கவும் இருப்பதை நீக்கவும் செயற்கை நுண்ணறிவால் முடியும் என்றும், அனுபவமிக்க கதிரியக்க மருத்துவர்களும் அதில் ஏமாறுகிறார்கள் என்றும் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டினர். இதற்குத் தடுப்பு டிஜிட்டல் கையொப்பம்: படம் முழுவதிலிருந்தும் கணக்கிடப்படும் குறுகிய எண்சுருக்கத்தை, அனுப்புபவர் தம் இரகசியச் சாவியால் முத்திரையிட்டு அனுப்புவார், இடையில் ஒரு படப்புள்ளி மாறினாலும், பெறுபவர் கணக்கிடும் சுருக்கம் பொருந்தாது. இதனை மருத்துவமனைகள் விருப்பத்துக்குரிய வசதியாகக் கருதுவது தகாது. தவறான படத்தை நம்பி அறுவை சிகிச்சை நடக்கலாம்.

கடவுச்சொல்லை இத்தகைய எண்சுருக்கமாக மட்டுமே சேமிக்கும் வழக்கத்தை விரல்ரேகைக்கு அப்படியே பின்பற்ற இயலாது; அழுத்தமும் ஈரமும் மாறுவதால் ஒரே விரல் இருமுறை ஒரேபோல் பதிவதில்லை, சிறு வேறுபாடும் சுருக்கத்தை முற்றிலும் மாற்றிவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தின் நளினி ராத்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் முன்வைத்த வழி, ரேகையின் அடையாளப் புள்ளிகளைக் குறிப்பிட்ட விதியால் வேண்டுமென்றே சிதைத்து, சிதைந்த வடிவத்தை மட்டும் சேமித்து ஒப்பிடுவதாகும். அது களவுபோனால் விதியை மாற்றிப் புது வடிவம் உருவாக்கலாம். ஆனால் சிதைவு மிகுந்தால் உரியவரே மறுக்கப்படுகிறார், குறைந்தால் மூலரேகையை மீட்பது எளிதாகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான அளவைத் தேடும் ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது.