கூண்டுக்குக் கால் முளைத்தது!

கோழிக்கூண்டை நகர்த்த நாலு ஆள் தேடுகிறீர்களா? இரண்டு சக்கரம் போதும், நேயர்களே!

ஒரே இடத்தில் கூண்டு நின்றால் எச்சம் சேரும். ஈரத்தில் ரத்தக் கழிச்சல் கிருமி இரண்டொரு நாளில் வீரியம் பெற்று, குஞ்சுகளைக் கொள்ளை கொண்டுவிடும். ஆகவே, அடிப்பலகை இல்லாத கூண்டைத் தினம் இடம் மாற்றுவதே நல்லது.

6 அடி நீளக் கூண்டானால், பின்சுவரை ஒட்டி வெளிப்புறம் சக்கரங்களைப் பொருத்துங்கள். முன்புறம் 3 அடிக்குக் கைப்பிடிகள் நீளட்டும். பாரம் நடுவில் இருந்தால், 120 கிலோ கூண்டைத் தூக்க ஏறக்குறைய 40 கிலோ பலமே வேண்டும். எல்லாம் நெம்புகோலின் உபயம்! அகலமான பெரிய சக்கரம் ஈர மண்ணில் எளிதில் புதையாது.

இறக்கியதும் கூண்டு தரையோடு படிந்ததா என்று பாருங்கள். இடுக்கு இருந்தால், கீரிக்கு விருந்துதான்!