மலையக வேர்கள் – 12: பூட்டனுக்கு எங்கே சாட்சி?

அயர்லாந்துக்காரர் முன்னோரைத் தேடக் கிளம்பினால் முதலில் புரட்டுவது கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான். அங்கே எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது பழைய குடிசன மதிப்பீட்டு ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் அந்தந்தக் கோயிலிலேயே கிடந்ததால் தப்பின. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நாமும் இப்படித் தேடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தேடலாம். ஆனால் அந்தப் பாதை பாதித் தூரம்கூட வராது.

தோட்டத்தில் எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வேலைக்கு வந்தவரைக் குறிக்கும் செக்ரோலில் அன்றாடம் பேர் விழுந்தது. அரைப்பேர் போட்டாலும் அதற்கும் கணக்கு இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் துண்டில் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வரும் ஆளின் கையில் தோட்டத்தைக் காட்டும் அடையாளம் பொறித்த தகரத்துண்டு கொடுத்தார்கள். இத்தனையும் உழைப்பை எண்ணுவதற்கு. யார் பெற்ற பிள்ளை என்பது அங்கே தேவைப்படவில்லை. பிறப்புப் பதிவு 1860களிலேயே சட்டமானாலும், ‘முத்துசாமி, தகப்பன் ராமசாமி’ என்ற ஒரு வரி எந்த ராமசாமியைச் சொல்கிறது? ஒரே லயத்தில் மூன்று பேர் இருந்திருக்கலாம். இந்த மக்களிடம்தான் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தது போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. சட்டம் போட்டவர்களிடமே பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் நீட்டியிருப்பார்கள்?

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் ஏடுகளும் கத்தோலிக்கக் கோயில் ஏடுகளும் கைகொடுக்காதா என்று கேட்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கட்டாயம் கைகொடுக்கும். கத்தோலிக்க ஏட்டில் ஞானப்பெற்றோர் பெயரும் இருப்பதால் உறவுமுறைகூடத் தெரியவரும். ஆனால் மலையகத்தில் பெரும்பான்மையோர் சைவர்கள். அவர்களுக்கு நான் நம்புவது கங்காணி வழியை. பெரிய கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் பிடித்தார். ஆகவே அவருடைய ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் பக்கத்தில் இருக்கிறது. குலதெய்வத்தின் பெயர் வீட்டில் நினைவிருந்தால் தேடும் வட்டம் இன்னும் சுருங்கும். கங்காணி வெளியூரிலும் ஆள் சேர்த்திருப்பாரே என்றால், சேர்த்திருப்பார்தான். அதனால் இதை முடிவாகக் கொள்ளாமல் துப்பாகக் கொண்டு, 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் பின் இந்தியா போன உறவினரின் குடும்ப அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

2003இல்தான் எல்லாருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதே, இனி எதற்கு இந்த வேலை என்பாரும் உண்டு. அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவரையும் அவர் வழித்தோன்றல்களையும்தான் சொல்கிறது. வழித்தோன்றல் என்றால் மறுபடியும் தகப்பன், பாட்டன் கதைதான். வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழோ பிறப்புத்துண்டோ இருந்தால் இந்த வாரமே பிரதி எடுத்து வையுங்கள். அந்தப் பிரதியின் பின்புறம் தோட்டம், டிவிசன், பெரிய கங்காணி ஆகிய மூன்று பெயரையும் வீட்டிலுள்ள பெரியவரைக் கேட்டு எழுதிவிடுங்கள்.