ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குற விலை வேற, வச்சிருக்கிற விலை வேற!



நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி போன வாரம் கேட்டிருந்தார். வயசு 28. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 1,40,000 ரூபாய். சேமிப்பு 6 லட்சம். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல 30 லட்சத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பார்த்திருக்கேன். புதுசு 60 லட்சத்துக்கு மேல. லோன் ரெடி. கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் முடியாது. வாங்கலாமா?"

ஆசைப்படறது தப்பே இல்லை. ஆனா அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடுத்து உட்காருவோம்.

மாசக் கணக்கு

6 லட்சம் கையில இருந்து, 24 லட்சம் லோன். பழைய காருக்கு வட்டி பொதுவா புதுக் காரை விட அதிகம். 12 சதவீதம், 5 வருஷம்னு வச்சுக்குவோம். மத்ததெல்லாம் தோராயமான கணக்குதான்.

- இ.எம்.ஐ: 53,400
- இன்சூரன்ஸ் (வருஷத்துக்கு 80,000): 6,700
- சர்வீஸ், ரிப்பேருக்கு ஒதுக்குறது: 10,000
- பெட்ரோல் (500 கி.மீ., லிட்டருக்கு 8 கி.மீ.): 6,300
- டயருக்கு ஒதுக்குறது: 2,500

மொத்தம் 78,900 ரூபாய். சம்பளத்துல 56 சதவீதம்! வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, சாப்பாடு எல்லாம் மீதி 61,100-ல்தான்.

5 வருஷ முடிவுல கையில இருந்து போனது சுமார் 53 லட்சம். அதுல வட்டி மட்டும் 8 லட்சம். காரை 15 லட்சத்துக்கு வித்தாலும் நிகரச் செலவு 38 லட்சம். 30,000 கி.மீ. ஓட்டியிருந்தா, ஒரு கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 128 ரூபாய்!

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முதல்ல ஸ்பேர் பார்ட்ஸ். கார் பாதி விலைக்கு வந்தாலும் அதோட பிரேக் டிஸ்க் பாதி விலைக்கு வராது. 60 லட்ச ரூபாய் காருக்கு உண்டான பார்ட்ஸ் விலையைத்தான் நீங்க கொடுக்கணும். 2016-ல் ஃபோர்டு மஸ்டாங் 65 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில இந்தியாவுக்கு வந்தது. 5 லிட்டர் வி8 இன்ஜின், முழுசா இறக்குமதி. 2021-ல் ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சது. சர்வீஸ் தொடரும்னு சொன்னாங்க. ஆனாலும் இப்படிப்பட்ட காரை வாங்குறவர், பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் ஆகும்னு முன்கூட்டியே விசாரிக்கணும்.

அடுத்து இன்சூரன்ஸ். 1,500 சிசிக்கு மேல இருக்கிற காருக்கு 2022-ல் நிர்ணயிச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய்தான். பெரிய செலவு ஓன் டேமேஜ் பகுதியில வரும். 5 வயசு தாண்டின காருக்கு ஐ.டி.வி. எவ்வளவுன்னு கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு பண்றது. பழைய காருக்கு ஜீரோ டெப் கிடைக்கிறதும் கஷ்டம். ரேஸ்ல ஓட்டி இடிச்சா சாதாரண பாலிசியில கிளெய்ம் கிடையாது.

மூணாவது, நம்ம ரோடு. ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும்னு இந்திய சாலைக் காங்கிரஸ் விதி சொல்லுது. நம்ம தெருவுல இருக்கிறது எப்படின்னு உங்களுக்கே தெரியும். அடிவயிறு 11, 12 செ.மீ. உயரத்துல இருக்கிற காரை வச்சுக்கிட்டு தினமும் ஆபீஸ் போறது சுகமா, தலைவலியான்னு யோசிங்க.

அப்பவும் வாங்கணும்னா

1. 6 மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஹெல்த் இன்சூரன்ஸும் முதல்ல. தம்பியோட 6 லட்சம் இதுக்கான பணம், டவுன் பேமென்ட் இல்லை.
2. காரோட எல்லாச் செலவும் சேர்த்து சம்பளத்துல 20 சதவீதம் தாண்டக் கூடாது. இது என் அளவுகோல்.
3. வெள்ளத்துல நின்ன காரான்னு பாருங்க. 2015, 2023 டிசம்பர் மாசங்கள் சென்னைக்காரங்களுக்கு மறக்காது. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்தா சேறு படிஞ்ச கறை தெரியும்.
4. அந்த பிராண்டு சர்வீஸ் சென்டர்லயே காசு கொடுத்து இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுங்க. சர்வீஸ் ரெக்கார்டு, கிளெய்ம் ஹிஸ்டரி ரெண்டையும் கேளுங்க.
5. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பழைய லோன் இருந்தா ஃபார்ம் 35. வெளிமாநில வண்டின்னா என்.ஓ.சி.யும், இங்கே கட்ட வேண்டிய ரோடு டாக்ஸும் விலையில சேரும்.

தம்பிக்கு என் பதில்

இப்ப வேண்டாம். அந்த 53,400 ரூபாயைக் கட்ட முடியும்னு நம்பினீங்க இல்லையா? அதையே மாசாமாசம் 3 வருஷம் ஆர்.டி.யில போடுங்க. வட்டி இல்லாமலே 19 லட்சம் சேரும். அதைப் போட முடியாம 4-வது மாசமே நின்னுட்டா, இ.எம்.ஐ.யும் அங்கேதான் நின்னிருக்கும். பதில் உங்களுக்கே கிடைச்சிடும்.

அதுவரைக்கும் வேகம் வேணும்னா, ஐ20 என் லைன் மாதிரி டர்போ ஹேட்ச்பேக் பாருங்க. இல்லைன்னா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டிராக் டே நடக்கிறப்போ ஒரு நாள் போயிட்டு வாங்க. ஆசையும் தீரும், எமர்ஜென்சி ஃபண்டும் அப்படியே இருக்கும்.

காரை நீங்க ஓட்டணும். கார் லோன் உங்களை ஓட்டக் கூடாது!