துணையை இழந்த வீட்டில் ஒரு பூனை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் மாடிப்படிகளிலும் நீண்ட பட்டு மயிரும் வட்ட முகமும் கொண்ட பூனையைக் காண்பது இப்போது அரிதன்று. "பெர்சியன்" என்று சிறுவர்கள்கூடச் சரியாக அடையாளம் சொல்கிறார்கள். இவற்றுள் கணிசமானவை, வளைகுடா நாடுகளிலோ பெங்களூருவிலோ பணியாற்றும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை. தாய் தந்தையரில் ஒருவர் மறைந்து, உறவினர் கூட்டம் கலைந்து, எஞ்சியவர் தனித்திருக்கத் தொடங்கிய சில மாதங்களில் இந்தப் பூனைக்குட்டி வீட்டுக்குள் வருகிறது. அன்பின் அடையாளமாக வரும் இந்தப் பரிசு உண்மையில் என்ன தருகிறது, என்ன கேட்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

துணையை இழந்தோர் சிறுபான்மையினர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 4.3 கோடி; மனைவியை இழந்த ஆண்கள் 1.2 கோடிக்கு மேல். 2021-இல் தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 13.6 விழுக்காடு என தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்த நிலையில் நாம் இருக்கிறோம். இந்த இழப்பு மனத்தோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் 55 வயதைக் கடந்த, மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1963-இல் லான்செட் இதழில் வெளியானது. இழப்புக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களில் அவர்களது இறப்பு விகிதம், அதே வயதுடைய மணமான ஆண்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதன் பின்னர் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே போக்கைக் காட்டியுள்ளன.

ஏன் இப்படி நேர்கிறது? துயரம் என்பது பாதி விடைதான். மீதி விடை வீட்டின் அன்றாட அலுவலில் இருக்கிறது. தன் வீட்டில் வேலை செய்த பணிப்பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்ற முரணைக் கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு 1920-இல் சுட்டிக்காட்டினார். வேலை அதேதான், ஊதியம் நின்றுவிட்டதால் அது கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிவித்தது. கணவர் மறைந்ததும் பெண்ணின் அந்த 299 நிமிடங்களில் பெரும்பகுதி பொருளிழந்து போகிறது. யாருக்குக் காப்பி கலப்பது, யாருக்கு மாத்திரை எடுத்து வைப்பது? மனைவி மறைந்த ஆணோ, தன் நாளை நகர்த்திக்கொண்டிருந்த கடிகாரமே வேறொருவர் கையில் இருந்தது என்பதை அப்போதுதான் உணர்கிறார்.

தோல் தொழில் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தோல் பதனிடுவதில் தொடங்கிய தொழில், 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பின் காலணித் தயாரிப்பை நோக்கித் திரும்பியது. காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே பெரும்பான்மைத் தொழிலாளர்கள். காலையில் நிறுவனப் பேருந்து ஊருக்குள் வந்து மருமகளையும் மகளையும் ஏற்றிச் சென்றால், மாலையில்தான் திருப்பி இறக்கிவிடுகிறது. பெண்களின் கையில் சொந்த ஊதியம் சேர்ந்தது இந்த வட்டாரத்தின் பெரிய நன்மை. அதே வேளையில், கூட்டுக் குடும்பத்தில் வாழ்வதாகக் கணக்கில் இடம்பெறும் மூதாட்டி, பகல் முழுவதும் ஒரு குரலும் கேட்காமல் இருக்கிறார் என்பதும் உண்மை.

பூனை இந்த இடத்தில்தான் நுழைகிறது. அது ஆறுதல் சொல்வதில்லை, வேலை வைக்கிறது. என் மனைவி மறைந்த பின் என் வீட்டிலும் ஒரு பாரசீகப் பூனை வளர்கிறது. காலை ஐந்தரை மணிக்கு அதற்கு உணவு வேண்டும். மணல் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணோரத்தில் வழியும் நீரை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மயிரைச் சீப்பால் வார வேண்டும். அதற்காக இறைச்சி வேகவைக்கும்போது எனக்கும் ஏதேனும் சமைத்துக்கொள்கிறேன். முதுமையில் தன்னைக் கவனித்துக்கொள்ளச் சோம்புபவர்கூட, தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிருக்காக எழுந்துவிடுவார்.

நம் சமூகம் பூனையையும் கைம்பெண்ணையும் ஒரே வரிசையில் வைத்திருந்தது. வெளியே கிளம்பும்போது எதிரே வரக்கூடாதவை என்ற பட்டியலில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று சொல்லும் வீடுகளிலும் திருமண நாளன்று இந்தப் பட்டியல் உயிர் பெறுவதைக் காண்கிறோம். இந்த வட்டாரத்து இஸ்லாமியக் குடும்பங்களில் பூனைக்கு அந்தத் தீட்டு இல்லை. பூனை அசுத்தமான பிராணியன்று, மனிதரைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்ற கருத்து நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்பது பொருள். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே இருக்கும் இத்தா காலத்தில், மடியில் வந்து படுத்துக்கொள்ளும் பூனையை எவரும் விரட்டுவதில்லை. மற்றவர்களும் இவ்வழக்கத்தைக் கற்றுக்கொள்வதில் இழப்பொன்றுமில்லை.

பூனை வளர்த்தால் இதயநோய் வராது, ஆயுள் கூடும் என்றெல்லாம் வரும் செய்திகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சில ஆய்வுகள் நன்மை காண்கின்றன. சிலவற்றில் வேறுபாடே தென்படவில்லை. ஏற்கெனவே நடமாட்டமும் வசதியும் உள்ளவர்களே பிராணி வளர்க்க முன்வருகிறார்கள் என்பதால், காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிவது கடினம். என் வாதம் அதைவிட எளிமையானது: கலைந்துபோன அன்றாட ஒழுங்கை ஒரு பூனை மீட்டுத்தரும். அதற்கு அது உயர்ந்த இனத்துப் பூனையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

உண்மையில் பாரசீகப் பூனையில் பாரசீகம் பெரும்பாலும் பெயரோடு நின்றுவிடுகிறது. பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1620 வாக்கில் குராசானின் நீண்ட மயிர்ப் பூனைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல முனைந்தார். பின்னர் துருக்கியின் அங்கோராப் பூனைகளும் அவற்றோடு கலந்தன. 1871-இல் லண்டன் படிக அரண்மனையில் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் பிறகு, ஆங்கிலேய வளர்ப்பாளர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து வளர்த்தனர். இன்றைய பாரசீகப் பூனைகள் மரபணு அடிப்படையில் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமானவை. தட்டை முகம் இருபதாம் நூற்றாண்டு ரசனையின் விளைவு. நம் கடைகளில் 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்' என்று தரம் பிரிக்கிறார்கள். முகம் தட்டையாக ஆக விலை ஏறுகிறது. முகம் தட்டையாக ஆக மூச்சுக்குழல் நெருங்குகிறது, கண்ணீர்க் குழாய் மடங்குகிறது, பற்கள் இடம் மாறுகின்றன என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நோயின் அடையாளத்துக்கு அதிக விலை கொடுக்கும் விசித்திரமான சந்தை இது.

இத்துடன் வேலூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கு வழக்கம். பூனைக்கு வியர்வை பாதங்களில்தான் சுரக்கும். மயிரை நக்கி நனைத்தே உடலைக் குளிர்விக்கிறது. அடர்ந்த மயிரும் குறுகிய மூக்கும் உள்ள பூனைக்கு இது போதாது. தகரக் கூரையின் கீழோ காற்றோட்டமில்லாத மாடியறையிலோ அதை அடைத்து வைப்பது கொடுமை. வாய் திறந்து மூச்சிரைத்தால் அது களைப்பன்று, அவசர நிலை. உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வினத்தைத் தாக்கும் பரம்பரைச் சிறுநீரகக் கட்டி நோயும் உண்டு. பல நாடுகளில் முன்னர் நடந்த ஆய்வுகளில், பரிசோதிக்கப்பட்ட பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது காணப்பட்டது. தாய் தந்தையில் ஒன்றுக்கு இருந்தால் குட்டிகளில் பாதிக்கு வரக்கூடும். நாய் இனப்பெருக்கத்துக்கென 2017-இல் மத்திய அரசு விதிகளை வகுத்தது; பூனை அவ்விதிகளில் இடம்பெறவில்லை. எனவே விற்பவரிடம் பெற்றோர்ப் பூனைகளைக் காட்டச் சொல்வதும், மரபணுப் பரிசோதனை குறித்துக் கேட்பதும் வாங்குபவரின் பொறுப்பாகிறது.

சைவ வீடுகளுக்கு ஒரு சொல். பாலும் தயிர்ச்சோறும் பூனைக்கு உணவாகா. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து இல்லையெனில் விழித்திரை பழுதடையும், இதயத்தசை தளரும். இதை ஏற்க இயலாத வீட்டில் பூனை வளர்க்காமல் இருப்பதே அறம். முதியோர் வீட்டில் எப்போதும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு நஞ்சு. காய்ச்சலாக இருக்கிறதே என்று பாதி மாத்திரை கொடுத்தாலும் உயிர் போகும்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று. கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் அரசு நிலையம் 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கிவருகிறது. அத்தகைய வட்டாரத்தில் பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. தடுப்பூசி போடாத பூனை கடித்தாலோ கீறினாலோ புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு ஊசி இலவசம். வேறொரு சிறிய ஆபத்தும் உண்டு. இருட்டில் காலைச் சுற்றும் பூனை முதியவரை இடறிவிடும். இடுப்பெலும்பு முறிவு எழுபது வயதில் எளிய விஷயமன்று. பூனைக்குக் கழுத்துமணியும் நடைவழிக்கு ஓர் இரவு விளக்கும் போதும்.

செலவையும் பார்க்க வேண்டும். தமிழகத்தில் ஆதரவற்ற விதவையருக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை என 2023-இல் உயர்த்தப்பட்டது. உணவு, மணல், தடுப்பூசி, மயிர் பராமரிப்பு என்று ஒரு பாரசீகப் பூனைக்கு ஆகும் மாதச் செலவு அந்தத் தொகையை எளிதில் விழுங்கிவிடும். பூனைக்குட்டியை வாங்கித்தரும் பிள்ளைகள் அதன் மாதச் செலவையும் அனுப்பினால்தான் அது பரிசு. இல்லையேல் தாயின் தலையில் ஏற்றிய கடன். தெருவில் பிறந்து வளர்ந்த நம் நாட்டுப் பூனைக்கு இந்தச் செலவில் சிறு பகுதியே ஆகும். இந்த வெயிலுக்குப் பழகிய உடல், குறுமயிர், நேரான மூக்கு. மடியில் படுத்தால் அதுவும் அதே போல்தான் உறுமுகிறது.

வயதுக் கணக்கும் ஒன்று உண்டு. வீட்டுப் பூனை 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். இந்தியாவில் 60 வயதை எட்டியவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். அறுபதில் குட்டியை வளர்க்கத் தொடங்கினால் கணக்குச் சரியாக வரும். எழுபதைக் கடந்தவர், ஆறேழு வயதான, கருத்தடை செய்யப்பட்ட பூனையை ஏற்பதே பொருந்தும். குட்டியின் துள்ளலும் அதற்கு இராது. நம் சட்டத்தில் பிராணி அசையும் சொத்தாகக் கருதப்படுவதால் அதன் பெயரில் உயில் எழுத இயலாது. ஆனால், பூனை யாரிடம் சேர வேண்டும், அதன் பராமரிப்புக்கென அவருக்கு எவ்வளவு தொகை என்று உயிலில் ஒரு பத்தி சேர்க்கலாம். குறிப்பிடப்படுபவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொள்வது முறை. என் உயிலில் அந்தப் பத்தி இருக்கிறது. சம்மதித்திருப்பவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. காலணித் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் அவசரத்திலும், பூனை சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.