உங்களுக்குத் தெரியுமா? எழுத்துக்கூட்டும் பிள்ளை சரளமாகப் படிக்க...

★ ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் பெரியவர்களான நாம் ‘நாமகிரிப்பேட்டை’ என்ற பலகையைப் பார்த்த மாத்திரத்தில் பஸ் ஏறிவிடுகிறோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டு எழுத்து. ‘டை’க்கு வந்து சேர்வதற்குள் ‘நா’ மறந்துபோகிறது. பிள்ளை மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மனம் ஒரே நேரத்தில் சில துண்டுகளைத்தான் ஏந்தும். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டாக இருக்கும்வரை, படித்ததன் பொருளுக்கு அங்கே இடமே இருக்காது.

★ பழகிய சிறு சொல்லைப் படிக்க ஒற்றை எழுத்தைப் படிக்கும் நேரமே ஏறக்குறையப் போதும். உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் இதை 1886-லேயே அளந்து காட்டினார்.

★ ஊர்ப் பெயர்களே நல்ல பாடம். ‘புரம்’ கண்ணுக்குப் பழகிவிட்டால் ராசிபுரம், சிங்களாந்தபுரம், விழுப்புரம் எல்லாவற்றிலும் பின்பாதி தானாக வந்துவிடும். ‘பாளையம்’ பழகினால் குருசாமிபாளையமும் கோபிசெட்டிபாளையமும் மிரட்டாது. வழிநெடுக இருக்கும் கடைப்பலகைகளும் அப்படித்தான். காசு செலவில்லாத இந்தப் பாடத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை.

★ ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 220 சொற்களை எட்வர்ட் டால்ச் 1936-இல் பட்டியலிட்டார். இன்றும் அது அட்டை அட்டையாக விற்கிறது. அதை அப்படியே தமிழாக்கி ஒட்டினால் போதாது என்பது என் உறுதியான கருத்து. நம் சொற்கள் வால் நீண்டவை: வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளுக்கு. ஆகவே ஒரு, இது, அது, என்ன, இல்லை, என்று, ஆனால் போன்ற சொற்களோடு ‘இல்’, ‘க்கு’, ‘கள்’, ‘இருந்து’, ‘உடன்’ என்னும் வால்களையும் பழக்க வேண்டும். பத்து வால்கள் கைவசமானால் நீளமான சொல்லைக் கண்டு பிள்ளை தயங்காது.

★ கல், பகல், தங்கம். மூன்றிலும் ‘க’ உண்டு. மூன்றிலும் ஒலி வேறு. அட்டவணையில் 247 எழுத்தையும் ஒப்பிக்கும் பிள்ளை புத்தகத்தில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தின் சரியான ஒலி சொல்லுக்குள்தான் தெரியவரும்.

★ அதற்காக எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் படம்போல மனப்பாடம் செய்யவைக்கக் கூடாது. படம், பாடம், பட்டம் மூன்றும் குழம்பிப்போகும். எழுத்தும் ஒலியும் இணைந்தால்தான் சொல் நினைவில் நிலைக்கும் என்பதைக் கல்வி உளவியலாளர் லின்னியா ஏரியின் ஆய்வுகள் காட்டுகின்றன. முதலில் கூட்டட்டும், நாலைந்து முறை கூட்டிய சொல் பிறகு தானாகவே பார்வையில் வரும்.

★ தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருகிறது. உங்கள் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

★ மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொல் என்பது மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ இலக்கு. நம் சொற்களின் நீளத்தை எண்ணிப் பார்த்தால், ஆங்கிலக் கணக்கோடு தமிழ்ப் பிள்ளையை ஒப்பிடுவது நியாயமல்ல. கடிகாரத்தை முகத்துக்கு நேரே பிடித்து விரட்டவும் வேண்டாம்.

★ ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் சரளம் கூடுகிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல்ஸ் 1979-இல் எழுதினார். ‘இதைத்தான் நேத்தே படிச்சியே!’ என்று அதட்டிப் புத்தகத்தைப் பிடுங்குகிறோமே, அது தவறு. விசைத்தறி ஓட்டிவிட்டுக் களைத்து வரும் அப்பா அம்மாவுக்கும் பத்து நிமிடம் கிடைக்கும். பக்கத்தில் உட்காருங்கள். தடுக்கும் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுங்கள். நேற்றைய கதையையே இன்றும் கேட்டால், தயவுசெய்து அதையே படிக்கவிடுங்கள்.