போறணை கட்டும் கைகள்



கோடை வந்தால் டென்மார்க்கில் நம்மவர் தோட்டங்களிலும் விறகுப் போறணை கட்டும் ஆசை எழுகிறது. பீட்சா சுடலாம், ஊர்ப் பாணும் சுடலாம். வாலிபர் ஒன்றுகூடிச் செய்ய நல்ல வேலை. ஆனால் தீச்செங்கல் வாங்கும்போது காட்டும் கவனத்தை, அதை ஒட்டும் சாந்தில் பலர் காட்டுவதில்லை.

சீமெந்தும் மணலும் மட்டும் குழைத்த சாந்து வீட்டுச் சுவருக்குச் சரி, நெருப்புக்கு ஆகாது. போறணையின் உட்புறம் 400 பாகை செல்சியஸைத் தாண்டும். சீமெந்தை இறுக்கி வைத்திருப்பது அதனோடு சேர்ந்துபோன தண்ணீர். கடும் சூட்டில் அது பிரிய, சாந்து பலமிழந்து உதிரும். அதனால் வீட்டில் போறணை கட்டுவோர் பலர் மணல் 3 பங்கு, சுண்ணாம்பு 1, தீக்களிமண் 1, சீமெந்து 1 என்று கலக்கிறார்கள். தொடக்கப் பிடிப்பைச் சீமெந்து தரும். அது தளர்ந்தபின் சுண்ணாம்பும் களியும் தாங்கும்.

கல்லை முதலில் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு ஒட்டாது. உட்பக்கத்தில் சாந்து 3 மில்லிமீற்றர் அளவு போதும். தடித்த இடத்தில்தான் வெடிப்பு முதலில் வரும். வளைவைத் தாங்குவது பசை அல்ல, கற்கள் ஒன்றையொன்று நெருக்கும் பாரம். தளக் கற்களுக்குச் சாந்தே வேண்டாம். மணலும் களியும் பரப்பி அதன்மேல் நெருக்கி வைத்தால், பழுதான கல்லைப் பிறகு மாற்றலாம்.

இனி ஒரு தாதியாகச் சொல்கிறேன். ஈரச் சீமெந்தும் சுண்ணாம்பும் கடும் காரம். பிஎச் அளவு 12க்கு மேல். சுடுதண்ணீர்போல் உடனே வலிக்காது. சாந்து ஊறிய காற்சட்டையோடு மணிக்கணக்கில் முழங்காலில் நின்றால், தோல் வெந்தது மாலையில்தான் தெரியும். சீமெந்திலுள்ள குரோமேற் ஒவ்வாமையையும் தரும். ஒருமுறை வந்தால் அது எளிதில் விடாது. டென்மார்க் 1983இலேயே அதன் அளவைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் எனச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதே வழிக்கு வந்தது. இதற்காகச் சேர்க்கும் இரும்பு உப்பு காலப்போக்கில் வலுவிழக்கும். ஆகவே கொட்டிலில் கிடக்கும் பழைய சீமெந்து மூட்டையை எடுக்காதீர்கள்.

நீண்ட நைற்றைல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். கல் வெட்டும்போது தண்ணீர் விட்டு, பி3 வகை முகக்கவசத்தோடு வெட்டுங்கள்; அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். தோலில் சாந்து பட்டால் உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வினாகிரி ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்குங்கள்; வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் நிறுத்தாதீர்கள். ஆபத்து என்றால் 112. ஆலோசனைக்கு நச்சுச் சேவையான கிஃப்ட்லினியன்: 82 12 12 12.

கட்டியவுடன் விருந்து வைக்க அவசரப்படாதீர்கள். ஒரு கிழமை மூடி வையுங்கள். அடுத்த கிழமை நாள்தோறும் சிறு தீ. 100 பாகையில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். உள்ளே நின்ற ஈரம் சட்டென்று ஆவியானால் போறணை வெடிக்கும். இந்நாட்டுப் பனிக்காலத்திலும் அதே ஈரம்தான் எதிரி: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். மேலே ஒரு கூரை அவசியம்.

பலமற்ற பூச்சுப் பூசிய சுவர் மழையில் விழுவதை எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறோம். அவசரத்தில் பூசியதை மழை காட்டிக்கொடுக்கும். போறணையில் நெருப்பும் காட்டிக்கொடுக்கும். பொறுமையாகக் கட்டுங்கள். முதற் பாணைப் பிட்டுப் பகிரும் கைகள் புண்ணில்லாத கைகளாக இருக்கட்டும்.